அம்மோனியா அமிலமா, காரமா? ஒரே லிட்மஸ் தாள் நீலமாகிப் பிறகு சிவக்கிறது

கேள்வி: சோதனைக் குழாயில் அரை கிராம் அம்மோனியம் குளோரைடை மட்டும் போட்டுச் சூடாக்கினால், வாயருகே பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் முதலில் நீலமாகிறது. சற்று நேரத்தில் அதே தாள் மறுபடி சிவக்கிறது. குழாயின் மேற்பகுதியில் வெள்ளையாகவும் படிகிறது. அம்மோனியா காரம்தானே? தாள் கெட்டுவிட்டதா?

பதில் 1: தாள் நன்றாகத்தான் இருக்கிறது. குழாயிலிருந்து வருவது ஒரு வாயு அல்ல, இரண்டு. சூட்டில் அந்த உப்பு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. மூலக்கூறு எடை முன்னதற்கு 17, பின்னதற்கு 36.5. அதனால் அம்மோனியா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாக விரவி, தாளை முதலில் எட்டுகிறது. பின்னால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வலிய அமிலம். அது தாளைச் சிவப்பாக்கிவிடுகிறது. வெள்ளைப் படிவு, குளிர்ந்த இடத்தில் இரண்டும் மீண்டும் சேர்ந்த அதே உப்பு.

அம்மோனியாவை மட்டும் சோதிக்க வேண்டுமானால் 1 கிராம் உப்புடன் 1.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்து நன்றாக அரையுங்கள். கணக்குப்படி 0.7 கிராம் போதும். ஆனால் சுண்ணாம்பு மிகுதியாக இருந்தால்தான் உப்பு முழுவதும் வினைபுரியும். அரைபடாத உப்புக் கட்டி இருந்தால் அது தனியாகப் பிரிந்து, பழைய குழப்பமே திரும்ப வரும். வினையில் நீரும் உண்டாகும். எனவே குழாயின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். நீர் சூடான அடிப்பகுதிக்கு வழிந்தால் கண்ணாடி விரிசல் விடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நேராக முகரக் கூடாது.

கேட்டவர்: சுண்ணாம்பு சேர்த்ததும் தாள் நீலமாகவே நிற்கிறது, நன்றி. வாயுவை உலர்த்திவிட்டு உலர்ந்த தாளில் காட்டினால்?

பதில் 2: நிறம் மாறாது. தாளை நீலமாக்குவது ஹைட்ராக்சைடு அயனி. அம்மோனியா நீரிடமிருந்து ஒரு புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) வாங்கினால்தான் அது உண்டாகும். அதிலும் 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு ஒன்றேகால் மூலக்கூறுதான் அப்படி மாறுகிறது, பி.எச். (அமில, கார அளவுகோல்; 7 நடுநிலை) 11 அளவில் நிற்கும். வலிமை குறைந்த காரம் என்பது இதனால்தான்.

உலர்த்தச் சுட்ட சுண்ணாம்பை மட்டும் பயன்படுத்துங்கள். அடர் கந்தக அமிலம் அம்மோனியாவுடன் வினைபுரிந்து உப்பாகிவிடும். கால்சியம் குளோரைடும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பதில் 3: ஒன்று சேர்க்கிறேன். அம்மோனியா அமிலமாகவே நடக்காது என்று எழுதிவிடாதீர்கள். 350 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய சோடியத்தின் மேல் செலுத்தினால் அமிலத்தைப் போலப் புரோட்டானை இழந்து சோடமைடு என்ற உப்பாகிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது. பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கும் சோதனை அல்ல இது. நீரில் கேட்டால் விடை காரம்தான்.