காலர் மாட்டிய எல்க்கைப் பழங்குடி வேட்டைக்காரர் சுடுவது தவறா?

மழைத்தடம்:

வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது, மூன்று வருடமாக வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன். போன மாதம் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை 20-ஐ ஒட்டிய ஒரு மண் சாலையில் இரண்டு பேர் சுட்ட ஒரு பெண் எல்க்கை (பெரிய வகை மான்) வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் கழுத்தில் ரேடியோ காலர், அதாவது சிக்னல் அனுப்பும் ஆய்வுப் பட்டை. இறங்கிப் போய்ப் பேசினேன். அந்தப் பகுதிப் பழங்குடியைச் சேர்ந்தவர்கள், நன்றாகவே பேசினார்கள். ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அந்தக் காரியத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க இறைச்சி வேண்டும், அதற்காக வந்தோம் என்றார்கள். காலரை எங்கள் உயிரியலாளரிடம் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

அன்று இரவு எங்கள் வேட்டைக் குழுவில் இதைச் சொன்னதும் பெரிய சண்டையாகிவிட்டது. பழங்குடி அலுவலகத்தில் காலர்களின் அலைவரிசை எண்கள் இருக்கின்றன, ரிசீவரை வைத்துக்கொண்டு நேராக மந்தையிடமே போய் நிற்கிறார்கள், அதெல்லாம் வேட்டையே இல்லை என்கிறார் ஒருவர். ஆய்வுக்காக மாட்டிய காலர், அதைச் சுட்டது அரசுப் பணத்தை வீணடிப்பது என்கிறார் இன்னொருவர். நமக்கு மட்டும் சீசன், குலுக்கல், அவர்களுக்கு எந்த விதியும் கிடையாதா என்று மூன்றாமவர்.

நான் இந்த நாட்டுக்கு நேற்று வந்தவன். இங்கேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் நானும் பரப்ப விரும்பவில்லை. அதே சமயம் நியாயமான குறை ஏதாவது இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். காலர் உண்மையில் எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரை:

என் மனதில் இருப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக ஆண் எல்க் அனுமதிக் குலுக்கலுக்காகப் புள்ளி (பெயர் விழாத வருடங்களுக்குச் சேருவது) சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஸ்காஜிட் பக்கத்து எல்க் மந்தையான நூக்சாக் மந்தை இருக்கும் பகுதியில் மாநில உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு, அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய அனுமதிகள்தான். ஒவ்வொரு வருடமும் விண்ணப்பக் கட்டணம் கட்டி, முடிவு வரும் நாளன்று பட்டியலில் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் அதே மலையில் வேறொருவர் எல்க் எடுத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலியை வெறுப்பு என்று சொல்லாதீர்கள்.

பழைய உடன்படிக்கைகளின்படி பழங்குடிகளுக்கு இருக்கும் வேட்டை உரிமையை நான் மறுக்கவில்லை. என் கேள்வி காலரைப் பற்றியது மட்டும்தான். வேட்டையாடும் ஒரு தரப்பின் கையிலேயே மந்தை எங்கே நிற்கிறது என்ற தகவலும் இருந்தால், அது தவறாகப் பயன்படாது என்று நான் எதை வைத்து நம்புவது?

பனிக்காலடி:

இரண்டு குளிர்காலம் எல்க் ஆய்வு ஒன்றில் களப்பணி செய்தவள் நான். காலர் மாட்டும் குழுவில் விலங்கின் கண்ணைக் கட்டுவது, மூச்சை எண்ணுவது, உடல் சூடு பார்ப்பது எல்லாம் என் வேலை. அதனால் காலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வகை உண்டு. பழைய வகை விஎச்எஃப். இது இடத்தைச் சொல்லாது, டிக் டிக் என்று ஒரு துடிப்பை அனுப்பும், அவ்வளவுதான். ஒவ்வொரு காலருக்கும் தனி அலைவரிசை. யாகி ஆன்டெனாவை (திசை காட்டும் ஆன்டெனா) கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திருப்பி, சத்தம் எந்தத் திசையில் வலுவாகக் கேட்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த மேட்டுக்கு வண்டியை ஓட்டிப் போய் மறுபடியும் அதையே செய்து, மூன்று கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். எல்க் இடப்பக்கச் சரிவில் நிற்கும், சத்தமோ வலப்பக்கத்திலிருந்து வரும். ஒரே ஒரு விலங்கைக் கண்ணால் பார்க்க நாங்கள் பொழுது சாயும்வரை அலைந்த நாட்கள் உண்டு. அந்த மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு அவை எந்த மாதம் எந்தச் சரிவில் மேயும் என்று ரிசீவர் இல்லாமலே தெரியும்.

புதிய வகை ஜிபிஎஸ் காலர். சில மணி நேரத்துக்கு ஒரு முறை இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மொத்தமாகச் சேர்த்துச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். நாம் கணினியில் பார்ப்பது அது நின்ற இடம், நிற்கிற இடம் அல்ல. ஓர் இரவிலேயே சில மைல் நகர்ந்துவிடும் விலங்கு அது. இருந்தாலும் மந்தை எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்று நிச்சயம் தெரிந்துவிடும், அதை நான் மறைக்க மாட்டேன். வடகரை கேட்டது வெறும் சந்தேகம் அல்ல.

ஆனால் அந்தக் கேள்வியை எல்லாத் தரப்பிடமும் கேட்க வேண்டும். நான் பார்த்த மாநில உயிரியலாளர்களில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். அவர்கள் கையிலும் இதே தகவல் இருக்கிறது. அவர்கள் அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை வேட்டைக்குப் போகிறார்கள் என்று யாரும் குழுவில் எழுதுவதில்லை, பழங்குடி உயிரியலாளர் என்றால் மட்டும் அந்தச் சந்தேகம் உடனே வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் மனசு கேட்கவில்லை.

இந்தத் தகவல் பொதுவில் கிடைக்கவும் கிடைக்காது. வாஷிங்டனின் பொது ஆவணச் சட்டத்தில், ஆர்.சி.டபிள்யூ. (மாநிலச் சட்டத் தொகுப்பு) 42.56.430 பிரிவில், ஆய்வுக் காலர்களின் அலைவரிசையும் அவை தரும் இட விவரமும் வெளியிடத் தேவையில்லாதவை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவிலேயே 2013-ல் பன்னா புலிகள் காப்பகத்தில் ஒரு புலியின் ஜிபிஎஸ் தகவல் வரும் மின்னஞ்சல் கணக்கில் வெளியிலிருந்து யாரோ நுழையப் பார்த்தார்கள்.

அப்புறம், சுட்டால் ஆய்வு வீண் என்பது தவறு. காலர் மாட்டுவதே எது எப்போது எதனால் சாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பியூமா (மலைச் சிங்கம்), நோய், வாகனம், பட்டினி மாதிரி வேட்டையும் ஒரு காரணம், அதையும் எண்ணியாக வேண்டும். காலர் சில மணி நேரம் அசையாமல் கிடந்தால் துடிப்பு வேகமாகிவிடும், நாங்கள் ஓடுவோம். போய்ப் பார்க்கும்போது பல சமயம் எலும்பும் முடியும்தான் மிச்சம். வேட்டைக்காரரே காலரைக் கொண்டுவந்து இன்ன தேதி, இன்ன இடம் என்று சொன்னால் அதைவிடச் சுத்தமான தகவல் கிடையாது. காலர் மாட்டியதைச் சுடக் கூடாது என்று விட்டுவிட்டால், காலர் மாட்டிய எல்க் எல்லாம் மற்றவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும், கணக்கே பொய்யாகிவிடும்.

ஓடக்கரை:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்த வழக்குகளைப் பல வருடமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன்.

1854, 1855-ல் வாஷிங்டன் பிரதேசத்தின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் வரிசையாக உடன்படிக்கைகள் போட்டார். ஸ்காஜிட் பகுதிக்குப் பொருந்துவது 1855 ஜனவரியில் கையெழுத்தான பாயின்ட் எலியட் உடன்படிக்கை. பழங்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு வழக்கமான இடங்களில் மீன் பிடிப்பதையும், திறந்த, யாரும் உரிமை கோராத நிலங்களில் வேட்டையாடுவதையும் கிழங்கு, பெர்ரி சேகரிப்பதையும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இந்த "வைத்துக்கொண்டார்கள்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1905-ல் வினன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: உடன்படிக்கை பழங்குடிகளுக்கு உரிமை கொடுத்த பத்திரம் அல்ல, அவர்களிடமிருந்து உரிமை வாங்கிய பத்திரம், கொடுக்காத மீதி அவர்களுடையதே. ஆகவே அரசு அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று பேசுவதே தப்பான இடத்திலிருந்து தொடங்குகிறது. நாம் வாங்கும் உரிமம்தான் மாநிலம் தருவது.

மீன் விஷயத்தில் 1974-ல் நீதிபதி போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரை பழங்குடிகளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தபோது மாநிலமே கொதித்தது. அவருடைய உருவ பொம்மையைத் தூக்கில் போட்டார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது. இன்று எல்க் பற்றி வரும் பேச்சில் அந்தக் கசப்பின் வாடை எனக்கு அடிக்கிறது.

வேட்டை விஷயத்தில் 1999-ல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நூக்சாக் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் யாக்கிமா பக்கம் ஓக் கிரீக் வனவிலங்குப் பகுதியில் எல்க் எடுத்திருந்தார். விட்டுக்கொடுத்த நிலங்களிலும் அந்தப் பழங்குடி மரபாக வேட்டையாடி வந்த இடங்களிலும் உரிமை உண்டு, மாநிலத்துக்குச் சொந்தமான அந்த வனவிலங்குப் பகுதியும் உடன்படிக்கை சொல்லும் திறந்த நிலம்தான் என்றது நீதிமன்றம். ஆனால் கண்ட இடத்தில் எல்லாம் இல்லை. தனியார் நிலம் அப்படித் திறந்த நிலமாகாது என்று 1973-லேயே இதே நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. விலங்கினம் அழியாமல் காக்கத் தேவை என்று நிரூபித்தால் மாநிலம் கட்டுப்பாடு விதிக்கவும் முடியும்.

வயோமிங்கில் நடந்ததையும் பாருங்கள். 2014-ல் குரோ பழங்குடியைச் சேர்ந்த கிளேவின் ஹெரேரா எல்க் மந்தையைத் தொடர்ந்து போய், மொன்டானாவில் இருக்கும் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லை தாண்டி, வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் சுட்டார். வயோமிங் மாநிலமானதோடு குரோ மக்களின் 1868 உடன்படிக்கையின் வேட்டை உரிமை முடிந்துவிட்டது என்று வாதாடினார்கள். 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அப்படி முடிந்துவிடவில்லை என்றது.

"விதியே இல்லை" என்பதும் சரியல்ல. ஒவ்வொரு பழங்குடியும் தன் சீசன், டேக் (ஒரு விலங்குக்கு ஓர் அனுமதிச் சீட்டு), எண்ணிக்கை வரம்பு எல்லாவற்றையும் தானே போட்டுக்கொள்கிறது, காவலர்கள் வைத்திருக்கிறது, மீறினால் சொந்த நீதிமன்றம் தண்டிக்கிறது. நமக்கு அந்த விதிகள் தெரியவில்லை, அவ்வளவுதான். எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுப் பேசலாம். மேற்கு வாஷிங்டன் பழங்குடிகள் ஒரு வருடத்தில் எடுக்கும் எல்க் சில நூறு. மாநில உரிமத்தில் எடுப்பது பல ஆயிரம்.

வடகரை:

பல ஆயிரம் என்பது மாநிலம் முழுவதற்கும். ஒரு சின்ன மந்தையை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். அதையும் சொல்லுங்கள்.

ஓடக்கரை:

சரியான கேள்வி, அதை நான் விட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன நூக்சாக் மந்தையையே எடுத்துக்கொள்வோம். அது 300-க்கு அருகே சரிந்தபோது, 1990-களில், மாநிலமும் பழங்குடிகளும் இரண்டு தரப்பும் வேட்டையை நிறுத்தின. பிறகு 2003-லும் 2005-லும் செயின்ட் ஹெலன்ஸ் மலைப் பக்கத்திலிருந்து நூறு எல்க் அளவில் பிடித்து, லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். அதில் பழங்குடிகளின் ஆட்களும் பணமும் உழைப்பும் இருந்தன. மந்தை தேறிய பிறகுதான் இரு தரப்புக்கும் வேட்டை திரும்பக் கிடைத்தது. நீங்கள் பதினோரு வருடமாகக் காத்திருக்கும் அனுமதி இருப்பதே அதனால்தான். அங்கே எல்க் எப்படிப் பெருகியது, எங்கே போய்த் தங்கியது என்பதெல்லாம் காலர் வைத்துத்தான் தெரிந்தது, அந்தக் காலர் வேலையிலும் பழங்குடி உயிரியலாளர்கள் இருந்தார்கள்.

பனிக்காலடி:

இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒலிம்பிக் தீபகற்பத்தில் சீக்விம் ஊரில், நெடுஞ்சாலை 101 ஓரமாக, 2000-வாக்கில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மந்தையில் சில பெண் எல்க்குகளுக்குக் காலர் மாட்டி, அவை சாலைக்கு அருகே வந்தால் அந்த சிக்னலிலேயே மஞ்சள் விளக்குகள் மின்னும்படி வைத்தார்கள். பழங்குடிகளும் மாநிலமும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மந்தை அது. மந்தையை நடத்திப் போவது மூத்த பெண் எல்க் என்பதால் அதற்கு மாட்டினால் மொத்தக் கூட்டமும் எங்கே வருகிறது என்று தெரியும். இப்படிப்பட்ட காலர் மாட்டிய எல்க்கைச் சுடுவது வேறு விஷயம். அதைத் தவிர்க்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நியாயம், கேட்டால் கேட்கிறவர்கள்தான் பெரும்பாலும்.

உண்மையில் எனக்குக் கோபம் வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான். காலரைப் பார்த்ததும் பயந்துபோய், பிரச்சினை வருமோ என்று வெட்டி ஆற்றில் எறிந்துவிடுகிறார்கள். மாநில உரிமக்காரர்களிலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. தண்ணீருக்குள் போனால் சிக்னல் நின்றுவிடும். அந்த விலங்கு செத்ததா, காலர் பழுதா, வேறு மந்தைக்குப் போய்விட்டதா, எதுவும் தெரியாமல் எங்கள் ஏட்டில் ஒரு வரி காலியாக நிற்கும். ஒரு பெண் எல்க்கை நான் இரண்டு வருடம் தொடர்ந்து, அதன் கன்றை ஜூன் மாதப் புல்லில் பார்த்தேன். அதன் வரி இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மழைத்தடம்:

எல்லோருக்கும் நன்றி. வடகரை, உங்கள் காத்திருப்பின் வலி எனக்கும் புரிகிறது. தகவலை யார் பார்க்கிறார்கள் என்பதற்கு இரு தரப்பும் சேர்ந்து எழுதி வைத்த ஒரே விதி இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, அதை அடுத்த பொதுக் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்.

ஒன்றை நான் முதல் பதிவிலும் எழுதவில்லை, எங்கள் குழுவிலும் சொல்லவில்லை. அன்று அந்த இரண்டு பேரில் இளையவர் காலரைக் கழற்றி, இரத்தத்தைத் தன் சட்டையிலேயே துடைத்து, அதில் இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முன் சீட்டில் பத்திரமாக வைத்தார். நான் அதைப் பார்த்தேன். சண்டை சூட்டில் அது முக்கியமாகவே படவில்லை. இப்போது குழுவில் அதைத்தான் முதலில் எழுதப் போகிறேன்.