பிங் வருது, ஃபோல்டர் திறக்கலை: ரெண்டு நெட்வொர்க்கை இணைத்த அனுபவம் சொல்லுங்க

அம்பை மில்
அண்ணாச்சிக்கு நெல்லை டவுனில் அரிசிக் கடை, அம்பாசமுத்திரத்தில் மில். ரெண்டு ரூட்டருக்கும் நடுவில் விபிஎன் (இன்டர்நெட் வழியே ரெண்டு இடத்தையும் இணைக்கிற தனிப்பாதை) போட்டாச்சு, அந்தப் பாதை, அதாவது டனல், பச்சையில் நிற்கிறது, கடையிலிருந்து மில் கம்ப்யூட்டர் 192.168.1.20-க்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கிற சோதனை) போட்டால் பதிலும் வருகிறது. ஸ்டாக் ஃபோல்டர் மட்டும் திறக்கவே இல்லை. பாஸ்வேர்டு, ஷேரிங் அனுமதி, ஆன்டிவைரஸ் என்று மதியச் சாப்பாடு வரை அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, பிங் பதிலின் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. சேரன்மகாதேவி தாண்டி அம்பைக்குப் போய்த் திரும்ப அவ்வளவுதானா? பில் பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கினேன். பிங் நின்றது. காலையிலிருந்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அதே மேசையில் இருந்த பிரிண்டர்!

ரெண்டு ரூட்டரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில் இருந்திருக்கிறது, பிரிண்டருக்கும் அதே 192.168.1.20. தன் நெட்வொர்க் என்று நினைக்கிற முகவரிக்குக் கம்ப்யூட்டர் ரூட்டரிடம் போகவே போகாது, ஏஆர்பி போட்டு, அதாவது இந்த முகவரி யாருடையது என்று கூவிக் கேட்டு, அங்கேயே தேடும். மில்லை 192.168.37-க்கு மாற்றினேன். எடைமேடை கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கையால் மாற்றி முடிக்க ராத்திரி ஒன்பது மணி. அண்ணாச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பணகுடி
எனக்கு முகவரி வேறு வேறுதான், ஆஃபீஸ் 10.5.1, யார்டு 10.5.2. ட்ரேஸ்ரூட் (எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டுவது) யார்டு ரூட்டர் வரை போய், அதற்கு மேல் பதில் இல்லை என்று நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டும். மூணு நாள். கடைசியில் யார்டு கம்ப்யூட்டரில் வயர்ஷார்க்கை (வந்து போகிற பாக்கெட்டைக் காட்டுகிற மென்பொருள்) திறந்து வைத்துக்கொண்டு ஆஃபீஸிலிருந்து பிங் போடச் சொன்னேன். கேள்வி வந்து விழுகிறது, பதிலும் கிளம்புகிறது. எந்த மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள எண்) போகிறது என்று பார்த்தால் இன்டர்நெட் மோடத்துக்கு. டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போக வழக்கமான வாசல், அதுதானே, 10.5.1 எந்தப் பக்கம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மோடத்தில் ஒரே ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கிற வழி) போட்டேன், 10.5.1-க்கு விபிஎன் ரூட்டரைக் காட்டி, சரியானது. போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், வருகிற வழியை நினைக்கவே இல்லை.

பாளையங்கோட்டை
மில்காரரே, பாதி வேலைதான் முடித்திருக்கிறீர்கள். கடையை 192.168.1-இலேயே விட்டுவிட்டீர்களே, நாளைக்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து விபிஎன்னில் வந்தால் வீட்டு ரூட்டரும் 192.168.1 ஆகத்தான் இருக்கும், அதே மோதல் திரும்ப வரும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்கிற இன்டர்நெட் விதி ஆவணம், உள் நெட்வொர்க்குகளுக்கென்று நமக்கு 10 முழுவதையும், 172.16 முதல் 172.31 வரையும், 192.168 முழுவதையும் கொடுத்திருக்கிறது. இவ்வளவு இடம் கிடக்கும்போது எல்லாரும் 192.168.0-இலும் 192.168.1-இலும் போய் ஏன் நெருக்கணும்? ஒரு நோட்டில் எந்த இடத்துக்கு எந்த எண் என்று எழுதி வையுங்கள். இன்னொன்று, விண்டோஸ் ஃபயர்வால் வேறு நெட்வொர்க்கிலிருந்து வருகிற பிங்கைத் தானாகவே தடுக்கும், ரூட் சரியாக இருந்தாலும் பதில் வராது, அதைப் பார்த்து ரூட்டைக் கலைத்துவிடாதீர்கள். பணகுடிக்காரர் மாதிரி மாட்டுகிறவர்கள் மாஸ்கரேட் (எல்லார் முகவரியையும் ரூட்டர் தன் முகவரியாக மாற்றி அனுப்புவது) போட்டுத் தப்பிக்கவும் வேண்டாம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படிப் போட்டு, பிறகு ஒரு கம்ப்யூட்டர் வைரஸைப் பரப்பியபோது சர்வர் லாகைத் திறந்தால் எல்லா வரியிலும் ஒரே முகவரி. நாற்பது கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன்.

அம்பை மில்
நீங்கள் சொல்வது சரிதான் சார். தீபாவளி வியாபாரம், நாலு பில் கவுன்டர், அன்றைக்குக் கடையில் கை வைக்க மனசு வரவில்லை. பொங்கல் கழித்து மாற்றிவிடுவேன்.

ஆலங்குளம்
எனக்குப் பிங்கும் வந்தது, லாகின் திரையும் வந்தது, பெரிய ரிப்போர்ட்டைத் தொட்டால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். பாக்கெட்டை உடைக்காதே என்று பிங்குக்குச் சொல்லி, பாக்கெட் அளவை 1472 பைட்டிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தேன். 1372-இல் முதல் பதில் வந்தது. தலைப்பு 28 பைட் சேர்த்தால் 1400. டனலுக்கு எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400, டிசிபி எம்எஸ்எஸ் (அதில் தலைப்பு போக மிஞ்சும் தரவு) 1360 என்று வைத்துவிட்டு ரிப்போர்ட்டைத் தட்டினேன், கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் வந்து நின்றது.