மாக் ஆரஞ்சு என்று வாங்கியது, பூக்கவே மாட்டேன் என்கிறது – இது எந்தச் செடி?

வேலியோரம்:
இடம் கோவை. சுண்ணாம்பு கலந்த மண், போர் தண்ணீர். நர்சரியில் ‘மாக் ஆரஞ்சு’ என்று கொடுத்தது, இரண்டடி இடைவெளியில் 12 செடி, வயது மூன்று. அடர்த்தி நன்றாக இருக்கிறது, பூ அங்கொன்றும் இங்கொன்றும்தான். மாதம் ஒருமுறை கத்தரி போடுகிறோம். வெளிநாட்டு வீடியோக்களில் ‘ஜூனில் பூ முடிந்ததும் வெட்டு’ என்கிறார்கள். ஆனால் அவர்கள் காட்டும் பூவுக்கு நான்கு இதழ், இதற்கு ஐந்து. கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஐந்தடி தள்ளி எலுமிச்சை மரம். பொட்டாஷ் போட்டால் பூக்குமா?

பதியன்:
வீடியோவில் இருப்பது வேறு செடி. மாக் ஆரஞ்சு என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று செடிகள் உலவுகின்றன.

இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் மாறிமாறி ஐந்து, ஏழு சிற்றிலைகள், கசக்கினால் எலுமிச்சை வாசம், வெளிச்சத்தில் பிடித்தால் பொட்டுப் பொட்டாக எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தால் அது முர்ராயா பானிகுலாட்டா. நம் ஊரில் காமினி, காட்டுக் கறிவேப்பிலை என்பார்கள். ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், பிறகு சிவந்த சிறு பழம்.

வீடியோக்காரர்களுடையது ஃபிலடெல்ஃபஸ். குளிர்நாட்டுச் செடி, ஹைட்ரேஞ்சியா குடும்பம். இலை தனி இலையாக, எதிரெதிரே ஜோடியாக வரும். நான்கு இதழ், நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள். குளிர்காலத்தில் இலை உதிரும். பூவில்தான் ஆரஞ்சு மணம், இலையில் இல்லை. இதோடு குழம்புவது டியூட்சியா: அதுவும் ஜோடி இலைதான், ஆனால் ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள், தண்டை ஒடித்தால் உள்ளே குழல் போல வெறுமையாக இருக்கும்.

மூன்றாவது பிட்டோஸ்போரம் டோபிரா. தடித்த, பளபளப்பான தனி இலைகள் கிளை நுனியில் வட்டமாக நெருங்கியிருக்கும். காய் வெடித்தால் பிசுபிசுப்பான செந்நிற விதைகள்.

இலை முதலில் சொன்னபடி இருந்தால் உங்களுடையது காமினிதான்.

செம்மண்:
பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காமினி புதுத் தளிரின் நுனியில் மொட்டு வைக்கும். மாதாமாதம் கத்தரி போட்டால் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். பொட்டாஷைக் கொட்டியும் பயனில்லை. ஒருமுறை வெட்டினால் எட்டு வாரமாவது தொடாமல் விடுங்கள். பூத்து ஓய்ந்ததும் நுனியை ஒரு சாண் அளவுக்கு மட்டும் குறைத்தால் அடுத்த சுற்றுக்குத் தளிர் வரும். வேலி எப்போதும் ஸ்கேல் வைத்து வெட்டினது போல இருக்க வேண்டும் என்றால் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று தண்ணீர். காய்ந்து கிடந்து, பிறகு நல்ல மழை கிடைத்தால் இது மொத்தமாகப் பூக்கும். வெட்டிய பின் தளிர் முற்றியதும் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளும்போது வேர் ஆழம் வரை இறங்கும்படி ஒரே மூச்சாகப் பாய்ச்சுங்கள். தொட்டிச் செடியில் இதைச் செய்ய வேண்டாம், வேர் கருகிவிடும். வெயில் ஐந்து, ஆறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும்.

கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருப்பது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலையில் தெளிக்கலாம். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. மண்ணில் ஊற்றுவதானால் இடிடிஏ (EDTA) கீலேட், அதாவது மண் பூட்டாதபடி பிணைத்த இரும்பில் அந்த வகை, வேண்டாம், காரமண்ணில் சீக்கிரம் வீணாகும். இடிடிஹெச்ஏ (EDDHA) வகை கேட்டு வாங்குங்கள்.

வேலியோரம்:
நன்றி. இன்னும் பத்துச் செடி வேண்டும். விதையா, பதியனா?

பதியன்:
விதை என்றால் பழுத்த உடனே சதையைக் கழுவி, ஓரிரு நாளில் போடுங்கள். காய வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். பூக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். விண்பதியன் சீக்கிரம் பூக்கும்: மழைக்காலத்தில் பென்சில் தடிமன் கிளையில் ஓர் அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, கீழே இருக்கும் வழவழப்பான பச்சைப் படலத்தையும் சுரண்டி எடுங்கள். அதை விட்டால் காயம் மூடிக்கொள்ளும், வேர் வராது. ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து பாலித்தீன் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் பாலித்தீன் வழியாக வேர் தெரியும்.

மலைத்தோட்டம்:
குளிர்நாட்டில் உண்மையான ஃபிலடெல்ஃபஸ் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன கத்தரி முறையைப் பின்பற்றக் கூடாது. அது போன வருடக் கிளையில்தான் பூக்கும். குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. பூ முடிந்த கையோடு, மூத்த தண்டுகளில் நாலில் ஒரு பங்கைத் தரையோடு எடுங்கள்.

செம்மண்:
எலுமிச்சை பக்கத்தில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. காமினி, எலுமிச்சை, கறிவேப்பிலை மூன்றும் ஒரே குடும்பம். சிட்ரஸ் சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சிக்குக் காமினிக் கொழுந்து மிகப் பிடித்தமானது, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். எலுமிச்சைக்கு கிரீனிங் நோயைக் கொண்டுவருவது இதுதான், அந்த நோய்க்கு மருந்து கிடையாது. வெட்டிய பின் வரும் ஒவ்வொரு தளிர்ச் சுற்றிலும் இலையைத் திருப்பிப் பார்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். பறவை எச்சம் போல இருக்கும் புழு பட்டாம்பூச்சியினுடையது, அதை விட்டுவிடலாம்.