எல்லைக்கல்லுப் பக்கம் நாலு முட்டை

குழு: உச்சிப்புளி வகையறா

முத்து: பந்தல்காரர் வந்து நிக்கிறாரு. கிழக்கு மனையில கம்பு ஊன விடமாட்டேங்குது ரெண்டு குருவி. தலைக்கு மேல வந்து வந்து கத்துது

போதும்பொண்ணு அத்தை: ஆள்காட்டிடா அது. முட்ட கெடக்கும். கால பாத்து வைங்க

முத்து: 📷 படம்

முத்து: நாலு கெடக்கு

செல்வி: எங்கண்ணே? வெறும் சரளதான தெரியுது

முத்து: நடுவுல பாரு. எல்லைக்கல்லுக்கு வடக்க ரெண்டடி

சரவணன் சவுதி: பெருசாக்கிப் பாத்தும் தெரியல மச்சான்

செல்வி: ஆ தெரிஞ்சிருச்சு 😲 மை தெளிச்ச மாதிரி இருக்கே

சண்முகம் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். இது செம்மூக்கு ஆள்காட்டி. கூடு என்று தனியாக எதுவும் கட்டாது. தரையில் லேசாகக் குழி பறித்துச் சுற்றிலும் சின்னக் கல், ஆட்டுப் புழுக்கை சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். நான்கு முட்டையின் கூர்முனையும் உள்பக்கம் பார்த்து இருப்பதைக் கவனியுங்கள். நான் நான்காம் தேதி பார்த்தபோது இரண்டு. எட்டாம் தேதி நான்கு. அன்றே குழுவில் போட்டேன்.

முத்து: எப்ப போட்டீங்க?

சண்முகம் சித்தப்பா: எட்டாம் தேதி. செல்வி மட்டும் கட்டைவிரல் போட்டாள்.

செல்வி: படிக்காமப் போட்டேன் சித்தப்பா 🙏

முருகேசன் பெரியப்பா: நீ எதுக்கு தெனமும் அங்க போற

முருகேசன் பெரியப்பா: கல்ல அளக்கவா

சண்முகம் சித்தப்பா: பறவை பார்க்க.

போதும்பொண்ணு அத்தை: ஆரம்பிச்சிட்டாங்கய்யா

சரவணன் சவுதி: முட்டைய ஒரு சட்டியில எடுத்து ஓரமா வச்சா என்ன?

சண்முகம் சித்தப்பா: கூடவே கூடாது. அது இடத்தைத்தான் தேடி வரும். மேலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையில்தான் சேரும்.

சரவணன் சவுதி: மாமா நான் சும்மா கேட்டேன்

முத்து: பந்தல்காரர் என்னன்னு கேக்குறாரு. 29ஆம் தேதி காதுகுத்துக்குள்ள பொரிச்சிருமா?

சண்முகம் சித்தப்பா: கடைசி முட்டையிலிருந்து 28, 30 நாள் கணக்கு. எட்டாம் தேதியிலிருந்து எண்ணினால் ஜூன் ஐந்து ஆகிவிடும். பொரித்தபின் கவலை இல்லை. கோழிக்குஞ்சு மாதிரி உடனே நடக்கும், தானே பொறுக்கித் தின்னும். ஓரிரு நாளில் மனை காலி.

சரவணன் சவுதி: எனக்கு லீவு ஜூன் 3 வரைக்கும்தான். தாய்மாமன் மடி இல்லாம காது குத்துவீங்களா 😒

போதும்பொண்ணு அத்தை: ஒன்ன விட்டுட்டு எப்புடிப்பா. போன தடவ செல்வி மகனுக்கு அவன் மாமனுக்குச் சொல்லாம விட்டதே இன்னும் ஓடுது

செல்வி: அத்தை அத எதுக்கு இப்ப

முத்து: மேக்க வேப்பமரத்துப் பக்கம் பந்தல மாத்திரலாமா

செல்வி: அங்கதான அடுப்பு. சமையல்காரர் எங்க போவாரு

முருகேசன் பெரியப்பா: வடக்க ரெண்டடின்னா அது என் பங்கு. என்னக் கேட்டீங்களாடா

சண்முகம் சித்தப்பா: அளந்தால் தெரியும்.

போதும்பொண்ணு அத்தை: அய்யா செத்து பதினோரு வருசம். ஒரு சர்வேயரக் கூப்புட வக்கில்ல. பங்கு பேசுறாங்க

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: யாரு என்ன அழிச்சது 😂

சண்முகம் சித்தப்பா: நேற்று மதியம் ஒன்று பார்த்தேன். ஒரு குருவி முத்து வீட்டு அடிகுழாய்ப் பள்ளத்தில் போய் வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு வந்தது. ஈரத்தோடு முட்டை மேல் நின்றுகொண்டது. உட்காரவில்லை, நின்றது. நம் ஊர் வெயிலுக்கு அடைகாப்பதே சூடு கொடுக்க அல்ல, முட்டை வெந்துபோகாமல் நிழல் கொடுக்க. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி நிற்கின்றன. எது ஆண் எது பெண் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கத்துகிற இடத்தில் கூடு இருக்கும் என்று நம்பாதீர்கள். ஆள் தூரத்தில் வரும்போதே சத்தமில்லாமல் எழுந்து நடந்துபோய் வேறு பக்கம் நின்று கத்தும்.

சரவணன் சவுதி: 👍

செல்வி: படிச்சிட்டேன் சித்தப்பா. உண்மையாவே

முத்து: அந்தக் குழாயத்தான் நாளைக்குக் கழட்டப்போறேன்

போதும்பொண்ணு அத்தை: கழட்டாத

போதும்பொண்ணு அத்தை: ஆள்காட்டி வானம் விழுந்துரும்னு கால மேல தூக்கிக்கிட்டு தூங்கும்னு அப்பத்தா சொல்லும்

சண்முகம் சித்தப்பா: அது கதை.

போதும்பொண்ணு அத்தை: நீ பாத்தியா அது தூங்குறத?

சரவணன் சவுதி: நான் உச்சிப்புளியில எறங்கவா ராம்நாட்லயா? பொட்டி நாலு இருக்கு

முத்து: ராம்நாடு. வண்டி அனுப்புறேன்

செல்வி: சாயங்காலத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் நாய் வருது. யாராவது முள்ளு வெட்டிப் போடுங்க

முத்து: சுத்தி நாலு குச்சி நட்டு துணி கட்டிரலாமா. பந்தல பத்தடி தெக்க தள்ளுனா கம்பு விழாது. ஆனா மைக்செட் வேணாம்

செல்வி: மைக்செட் இல்லாம காதுகுத்தா? 🙄

முத்து: பெட்டிய ரோட்டப் பாத்து வைக்கலாம்

போதும்பொண்ணு அத்தை: பத்தடி தெக்கன்னா வாசல அடைக்குமே

முத்து: பந்தல்காரர் போயிட்டாரு. நாளைக்கு வாரேன்னாரு. பெரியப்பா நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க

முருகேசன் பெரியப்பா: 🎤 குரல் பதிவு 0:09

செல்வி: பெரியப்பா நீங்க பேசுறதே கேக்கல. பின்னாடி குருவி கத்துறதுதான் கேக்குது

முத்து: எங்க நிக்கிறீங்க?

முருகேசன் பெரியப்பா: சும்மாதான்

சண்முகம் சித்தப்பா: டேப்பைக் கீழே வைத்துவிட்டு வரவும்.