கிரான் ரெசெர்வாவை இன்னும் எத்தனை ஆண்டு படுக்க வைப்பது?

தக்கைத்தம்பி:
மத்ரித்தில் ஒரு கடையில் கிரான் ரெசெர்வா, அதாவது வட ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் நீண்ட நாள் முதிரவைத்து விற்கும் சிவப்பு ஒயின், 2011 அறுவடையில் ஆறு புட்டி வாங்கினேன். "குடிக்கத் தயாராகவே வருகிறது, வைத்திருப்பது வீண்" என்றார் கடைக்காரர். ஒயின் பிடித்த நண்பர் ஒருவரோ இருபது ஆண்டு தாங்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூன்றாம்மாடி:
கடைக்காரர் பேச்சை. கிரான் ரெசெர்வா என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால் ரியோஹா விதிப்படி ஐந்து ஆண்டு ஆக வேண்டும்; அதில் குறைந்தது இரண்டு ஆண்டு ஓக் மரப் பீப்பாயில், இரண்டு ஆண்டு புட்டியில். காத்திருக்கும் வேலையை அவர்களே செய்து, அதற்குக் காசும் வாங்கிவிட்டார்கள். பிரான்சின் போர்தோ ஒயின்காரர்கள்தான் இளசாக விற்றுவிட்டு "வீட்டில் பத்து ஆண்டு வை" என்பார்கள். சோறு வடித்து இலையில் போட்ட பிறகும் "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று உட்கார்ந்திருப்பீர்களா?

நிலவறைப்பூனை:
உவமை நன்று, விஷயம் தவறு. பீப்பாயில் முதிர்வது வேறு, புட்டியில் முதிர்வது வேறு. 225 லிட்டர் பீப்பாயில் பலகை வழியே காற்று மெல்லக் கசிகிறது. வண்டலைப் பிரிக்க ஒரு பீப்பாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் படுகிறது. துவர்ப்பு தணிவதும், அமெரிக்க ஓக்கின் தேங்காய், வெனிலா வாசம் ஏறுவதும் அங்கே. புட்டிக்குள் காற்று ஏறக்குறைய இல்லை. அந்தத் தேங்காய் அடங்கி, உலர்ந்த அத்தி, பழைய தோல், புகையிலை, ஈரச் சருகு என்று வாசம் பிரிவது அங்கேதான்.

ரியோஹாவின் ஆரோ ஊரின் ரயில் நிலையத்தை ஒட்டி, 1877-இல் தொடங்கிய லோப்பஸ் தே எரேடியா நிறுவனம் இருக்கிறது. பீப்பாய்களைக்கூடத் தாங்களே செய்துகொள்பவர்கள். தங்கள் தொண்டோனியா தோட்டத்துக் கிரான் ரெசெர்வாவைப் பத்து ஆண்டுக்கு நெருக்கமாகப் பீப்பாயில் வைத்துவிட்டு, மேலும் பல ஆண்டு புட்டியிலும் வைக்கிறார்கள். பீப்பாயே போதுமென்றால் அந்தப் புட்டிகள் ஏன் சிலந்திவலைக்குள் கிடக்கின்றன?

மூன்றாம்மாடி:
அந்த நிலவறை பூமிக்குள் குடைந்தது. ஆடியும் மார்கழியும் அதற்கு ஒன்றே. நான் இருப்பது மூன்றாம் மாடி. மத்ரித் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். 2001 அறுவடையில் மூன்று புட்டிகளைத் துணி அலமாரியில் நான்கு கோடை வைத்திருந்தேன். தக்கை விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே சோயா சாறும் வெந்த உலர்திராட்சையும்தான். அதுவும் அருமையான ஆண்டு; இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. நிலவறை வைத்திருப்பவர்கள் தத்துவம் பேசலாம்.

நிலவறைப்பூனை:
பெயரில் மட்டும்தான் நிலவறை. வீட்டில் இருப்பது ஒயினுக்கான குளிர்பெட்டி. 13 டிகிரியில் இருட்டாக ஓடுகிறது. உங்கள் ஒயினைக் கொன்றது காலமல்ல, அலமாரி. ஒரு நண்பர் வீட்டில் 1964 புட்டி ஒன்று திறந்தார்கள். கண்ணுக்குக் கட்டந்தேநீர், நாக்கில் புளிப்பு துள்ளிக்கொண்டிருந்தது. பழைய பாணி ரியோஹாவைக் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான்.

தம்பி, உங்களுடையது எந்தப் பாணி? புதிய பிரெஞ்சு ஓக், கன்னங்கரிய நிறம், ஜாம் போன்ற பழம் என்றால் நான் வாதாட மாட்டேன்.

கிராசியானோ:
போர்தோவை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலாக்சரா பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்றபோது, அங்கிருந்த வணிகர்கள் ஒயின் தேடி வந்தது ரியோஹாவுக்குத்தான். ஆரோவில் ரயில் நிலையத்தைச் சுற்றி நிலவறைகள் முளைத்ததும் அந்தச் சரக்கு ஏற்றத்தான். 225 லிட்டர் பீப்பாயே போர்தோவின் அளவு. பங்காளிச் சண்டை இது.

தம்பிக்கு உருப்படியாக ஒன்று. திறப்பதற்கு முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். பழைய தக்கைக்குத் திருகாணி வேண்டாம். இரண்டு தகடு கொண்ட திறப்பான் நல்லது. ஒரே மூச்சில், மெதுவாக, வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். கழுத்தில் கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உங்களுடையதற்கு ஒரு மணி நேரம் காற்று படலாம். முப்பது, நாற்பது வயதுப் புட்டியாக இருந்தால் ஊற்றியவுடன் குடித்துவிட வேண்டும். அரை மணியில் ஆவி போய்விடும்.

தக்கைத்தம்பி:
பழைய பாணிதான், தெம்பிரானில்லோ திராட்சையோடு கொஞ்சம் கிராசியானோ, மசுவேலோ திராட்சைகளும், நான்கு ஆண்டு அமெரிக்க ஓக். ஞாயிறன்று ஒன்றைத் திறந்தேன். காய்ந்த திராட்சைச் சுள்ளியை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாத்துண்டுகளை வாட்டினோம். ரியோஹா வழக்கமே அதுதான். திருகாணியைத்தான் போட்டேன், தக்கை பாதியில் ஒடிந்தது. முதல் ஒரு மணி நேரம் தேங்காயும் மரமும் மட்டும். மிஞ்சிய கால் புட்டியை மறுநாள் இரவு ஊற்றினால் செர்ரி, ஆரஞ்சுத் தோல், லேசாகப் புகையிலை. வேறு ஒயின் போல இருந்தது.

நிலவறைப்பூனை:
அதைத்தான் சொன்னேன். உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது. மீதி ஐந்தில் இரண்டைத் தொடாதீர்கள்.

மூன்றாம்மாடி:
மறுநாள் நன்றாக இருந்ததென்றால் மறுநாள் குடிக்கட்டுமே. அதற்கு எதற்குப் பத்து ஆண்டு?

தக்கைத்தம்பி:
குளிர்பெட்டியின் விலையை விசாரித்தேன். ஆறு புட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.