எங்களைப் பற்றி எடுத்த படங்கள் ஏன் எனக்கு ஒட்டுவதில்லை? திருகோணமலை ஆட்கள் வந்து சொல்லுங்கோ

உவர்மலையான்

நேரடியாகவே கேட்கிறேன். எங்கள் சண்டை, எங்கள் அகதிகள், எங்கள் பிள்ளைகள் என்று இந்தியாவில் எடுத்த படங்களைப் பார்த்தால் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. எங்களைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லாத சில படங்கள் மட்டும் நாட்கணக்கில் தலைக்குள்ளேயே நிற்கின்றன. எனக்கு மட்டும்தானா இப்படி?

முதலில் திட்டு வாங்கப்போகும் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). பாட்டுக்குக் குறையே சொல்ல மாட்டேன், தேசிய விருது ஆறு கிடைத்த படம் என்பதும் தெரியும். ஆனால் மாங்குளம் என்று சொல்லிக் கேரளப் பச்சையைக் காட்டும்போதே நான் படத்துக்கு வெளியே வந்துவிட்டேன், ஏ9 வீதியில் பஸ்ஸில் போன எவருக்கும் அது வேறு மண் என்று விளங்கும். (இருபது வருசம் கழித்து அவரே எடுத்த ‘பொன்னியின் செல்வ’னில் எங்கள் நாட்டைத் தாய்லாந்தில் எடுத்தார்கள், அது ராஜா கதை, போகட்டும்.) இடம்கூடப் பெரிய விசயமில்லை. அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றில் துவக்கோடு நிற்கிறார்கள், இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு நடக்கிறார்கள். சமைக்கிற, கடன் கேட்கிற, பக்கத்து வீட்டோடு வேலிச் சண்டை பிடிக்கிற ஒரு ஆளைக் காணவில்லை. சண்டை நடந்த காலத்திலும் நாங்கள் வேலிச் சண்டை பிடித்தோம்தானே.

இப்போது மற்றப் பக்கம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). மெட்ராஸில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு பெண், தங்கச்சி, வயசான தாத்தா. வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுகிறார், சரி, சொந்தமாகக் கட்டுவோம் என்று தொடங்குகிறாள். கதை அவ்வளவுதான், ஒரு பாட்டும் இல்லை. கடன் எடுப்பது, கட்டட அனுமதிக்கு அலைவது, கொந்தராத்துக்காரன் சாமான் திருடுவது, அதைக் கேட்கப்போய்ச் சண்டையாகி வேலை நிற்பது. பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா இடையில் எழும்பி, இது எங்கட வீட்டுக் கதையெல்லோ என்றார். திரும்பி வந்து குடியேறியவர்களுக்குத் தெரியும், வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாகத்தான் வரும்: அத்திவாரம் போட்டுக் காட்டினால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் அடுத்தது. இடையில் சீமெந்து விலை ஏறினால் அது உங்கள் தலைவிதி. எங்கள் சுவர் ஒரு மாரி முழுக்கக் கூரையில்லாமல் நனைந்தது. அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போய் முடியாத வீட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அந்தக் காட்சிக்கு நிகராக எங்கள் போரைப் பற்றி எடுத்த எந்தப் படத்திலும் ஒன்றை நான் காணவில்லை.

சின்னச் சின்ன அபிப்பிராயங்கள் இன்னும் இருக்கு. ‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்த்தபிறகு சத்தம் போடுகிற வில்லன்களை என்னால் நம்ப முடியவில்லை. ‘96’ நல்ல படம், ஆனால் நீளம் அரை மணித்தியாலம் கூடிப்போச்சு. ‘மெய்யழகன்’ அதைவிட நீளம் என்று திட்டினார்கள், வெளியான பிறகு பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள், வெட்டியிருக்கக் கூடாது. அந்தப் படம் கதையை ஓட்டுவதற்கு எடுத்ததில்லை, ஆட்கள் இருந்து கதைப்பதற்கு எடுத்தது.

சரி, சொல்லுங்கோ. திட்டுறதென்றாலும் படத்தின் பேரோடு திட்டுங்கோ.

நிலாவெளி ரசிகை

அண்ண, பேரோடேயே திட்டுகிறேன். நீங்கள் ‘கன்னத்தில் முத்தமிட்டா’லைப் போர்ப்படம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்கள், அதுதான் பிரச்சினை. அது ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையின் படம். தத்துப்பிள்ளை என்று பிறந்தநாளில் தெரிந்தபிறகு, பெற்றவளைப் பார்த்து ஏன் விட்டிட்டுப் போனீங்கள் என்று கேட்கவேண்டும் என்ற ஒரு பிடிவாதம். அந்தப் பிள்ளைக்கு எங்கள் வேலிச் சண்டையைத் தெரியாது, அவள் மெட்ராஸில் வளர்ந்தவள், அவளுடைய கண்ணுக்கு இங்கே துவக்கும் மூட்டையும்தான் தெரியும். கேரளமோ கிளிநொச்சியோ, கடைசியில் நந்திதா தாஸ் பதில் இல்லாமல் இருக்கிற அந்த இருப்பு பொய்யில்லை. எங்கள் சின்னம்மா மண்டபம் அகதி முகாமில் இருந்து வந்தவர், அந்த இடம் வந்தால் இப்பவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார். சிம்ரனையும் நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தைக் கோபமாக நடித்திருப்பார், அது எல்லாருக்கும் வராது.

‘வீடு’ விசயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘96’இல் அரை மணித்தியாலம் கூட என்றதை மன்னிக்கவே மாட்டேன்.

கிண்ணியாப் பெடியன்

இரண்டு பேரும் பழைய படத்தையே கதைக்கிறீங்கள். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) ஒருத்தரும் பார்க்கேல்லையா? சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் இறங்குவாங்க. இந்த முறை துரத்தினது குண்டு இல்லை, விலைவாசி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற எவனுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. எங்கட ஆட்களை அழவைக்கத்தான் படத்தில் சேர்ப்பாங்க என்று நினைத்திருந்தேன், இதில் சிரிக்க வைத்தாங்க, அதற்கே டிக்கெட் காசு சரி. பக்கத்து வீட்டு அம்மா மௌத்தாகிப்போக, ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் இருந்த அந்தக் குடியிருப்பையே சசிகுமார் கூட்டி வந்து அடக்கத்தை நடத்துவாரே, அது எங்கட ஊர்ப் பழக்கம். குறை இருக்கு: எல்லாரும் கடைசியில் நல்லவனாக மாறிடுறாங்க, பொலிஸ்காரன் உட்பட. அவ்வளவு சீனி எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொரு கேள்வி. அண்ண, ‘எங்களைப் பற்றி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீங்க. கிண்ணியா, மூதூர் ஆள் ஒருத்தன், கிழக்கு மாகாண முஸ்லிம் ஒருத்தன், இந்த இந்தியப் படங்களில் எங்கேயாவது ஒரு முழுப் பாத்திரமாக வந்ததை நீங்க பார்த்திருக்கிறீங்களா? நான் பார்க்கேல்ல. உங்களுக்குத் துவக்கும் மூட்டையுமாவது கிடைச்சிருக்கு.

டொக்யார்ட் வீதிப் பழசு

தம்பி தங்கச்சிமார், நீங்கள் எல்லாரும் இந்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் வரும். எங்கள் கடலுக்கு அடியிலேயே படம் எடுத்திருக்கிறார்கள். ‘ரன் முத்து தூவ’, 1962, சிங்களத்தில் முதல் முழுநீள வண்ணப்படம், எடுத்தவர் மைக் வில்சன். அவரும் ஆர்தர் சி. கிளார்க்கும்தான் ஐம்பதுகளில் கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைத் தண்ணீருக்குள் கண்டவர்கள். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம நடித்தது. கதை சுமார்தான், புதையல், வில்லன், காதல். ஆனால் கடலடியில் எடுத்த காட்சிகளுக்காக ஒருமுறை பார்க்கலாம்.

பிறகு ‘பொன்மணி’ (1977). தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் போய்த் தமிழில் எடுத்தது, சாதியும் சீதனமும்தான் கதை. அப்போது ஓடவில்லை. உவர்மலைத் தம்பி கேட்கிற வீடு, வேலி, வாசல் எல்லாம் அதில் இருக்கு. செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த ‘வாடைக்காற்று’ம் (1978) அப்படித்தான், மீன்பிடிக்கிற ஆட்களின் கதை, நடிப்பில் நாடக வாடை அடிக்கும், பொறுத்துக்கொண்டு பார்க்கவேண்டும்.

‘வீடு’ ஏன் உங்களுக்கு ஒட்டியது என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா? பாலு மகேந்திரா எங்கிருந்து போனவர்? மட்டக்களப்பு அமிர்தகழி! இரண்டு மாவட்டம் தள்ளிக்கூட இல்லை. எங்களைப் பற்றிய படம் இல்லை என்கிறீர்கள், எடுத்தவனே எங்களில் ஒருவன்.

உவர்மலையான்

ஐயா, அமிர்தகழி என்பது எனக்கும் தெரியும், ஆனால் அதனால் ஒட்டியது என்று சொல்ல மாட்டேன். அப்படியென்றால் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்த மகேந்திரன் எந்த ஊர்? படம் எடுப்பவர் ஊர்க்காரராக இருக்கத் தேவையில்லை, ஆட்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருந்தால் போதும். அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012) அப்படித்தான். புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவனை ஊரே முகம் கொடுத்துப் பார்க்காது, அவனுக்கு வேலை தேவை, அவ்வளவுதான் தொடக்கம். பிற்பாதியில் கடத்தல் கதையாகப் போய்க் கொஞ்சம் தடுமாறும். ஆனால் தர்ஷன் தர்மராஜ் பேசாமல் நிற்கிற இடங்களைப் பாருங்கோ. 2022இல் செத்துப்போனார், பெரிய இழப்பு.

நிலாவெளித் தங்கச்சி, அந்தப் பிள்ளையின் கண் என்ற கதை நல்ல கதைதான். ஆனால் முதல் காட்சியில் அவள் பிறக்கவே இல்லையே, மாங்குளத்துக் கலியாணம் யாருடைய கண்ணால் காட்டினது?

கிண்ணியாத் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. நீயே எழுது, கமராவுக்கு ஆள் பார்ப்போம்.

நிலாவெளி ரசிகை

முதல் காட்சி இயக்குநரின் கண். ஒத்துக்கொள்கிறேன், அதை மட்டும். ‘96’ கணக்கு இன்னும் தீரவில்லை.

கிண்ணியாப் பெடியன்

எழுதுறன் அண்ண. முதல் காட்சியிலேயே வேலிச் சண்டை. ‘பொன்மணி’ நல்ல கொப்பி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க, பழசு ஐயாட்ட இருக்கும் போல.