பழைய பிக்கப்பில் சீட் பெல்ட் போட்டவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

துருப்பிடித்தவன்:
என்னிடம் இருப்பது 1954 செவர்லே 3100. பெல்ட்டும் கிடையாது, பெல்ட் மாட்ட இடமும் கிடையாது. ஒரே நீள பெஞ்ச் சீட், எதிரே முழு இரும்பு டேஷ்போர்டு, மோதினால் மடங்காமல் நெஞ்சுக்கு நேரே நிற்கும் ஸ்டீயரிங் தண்டு. பிள்ளைகளை ஏற்ற மனம் வரவில்லை. அதனால் இரண்டு பக்கமும், இடுப்போடு தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் போட்டுவிட்டேன்.

பெல்ட் மாட்டுவது சின்ன வேலை. நேரமெல்லாம் தரைத் தகட்டில்தான் போனது. சீட்டைக் கழற்றி ரப்பர் பாயை எடுத்தால் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தேன். கேபின் மூலையில் பொத்தென்று உள்ளே போய்விட்டது. பெயின்டுக்குக் கீழே வெறும் துருத்தூள். வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் துளை போட்டேன்.

இந்த வேலையில் போல்ட் அறுவதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. தகடுதான் கிழியும். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 210, இடுப்பு பெல்ட் மாட்டும் இடங்கள் 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்கிறது, அதாவது கிட்டத்தட்ட 2,270 கிலோ. மெல்லிய தரைத் தகட்டில் ஒரு சாதா வாஷரைப் போட்டு முறுக்கினால் அது எந்த மூலைக்கு? அடியில் 3 மி.மீ. தடிமனில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுத் தகடு கொடுத்தேன். அதன் ஓரங்களையும் மூலைகளையும் ராவி உருட்டிவிடுங்கள். கூராக விட்டால் இழுப்பு வரும்போது அதுவே தரையைக் கத்திரித்துவிடும். போல்ட் 7/16 அங்குலம், கிரேடு 8. தலையில் ஆறு கோடு இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வெல்டர் மகள்:
அண்ணா, முக்கியமானதை விட்டுட்டீங்களே! அந்த மாடலில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கேபினுக்குள்ளேயே இருக்கு. எங்க பட்டறையில் அப்படி ஒரு வண்டி வந்தால் அப்பா முதலில் டேங்கைக் கழற்றி வெளியே தூரமாக வைக்கச் சொல்வார். “காலி டேங்க்தானே” என்று சொன்னவரை அவர் பார்த்த பார்வை இருக்கே! காலி டேங்கில்தான் ஆவி நிரம்பியிருக்கும், தீப்பொறி பட்டால் அதுதான் வெடிக்கும். வெல்டிங்குக்கு மட்டுமல்ல, ட்ரில் போடவும் இதே கதைதான். அப்புறம், துளைக்கு முன்னாடி வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் பைப்பும் ஒயரும் எங்கே ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துடுங்க.

அசல்பிரியன்:
எல்லாம் சரி, வண்டியின் அசல் தன்மை போய்விடாதா? நான் இடுப்பு பெல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று முனை பெல்ட்டை வோல்வோவில் நில்ஸ் போலின் கொண்டுவந்ததே 1959-இல்தான், நம் வண்டிகள் அதற்கும் மூத்தவை.

துருப்பிடித்தவன்:
நண்பரே, இடுப்பு பெல்ட் உங்களை சீட்டில் பிடித்துவைக்கும், சரி. தலையை யார் பிடிப்பது? இடுப்பு நிற்கும், உடம்பு மடங்கும், முகம் நேரே இரும்பு டேஷில். கண்காட்சிக்குப் போகும்போது போல்ட்டைக் கழற்றிவிட்டால் சீட்டுக்கு அடியில் இருக்கும் துளையை யாரும் தேடப்போவதில்லை. ஆனால் நடுவில் உட்காருகிறவருக்கு எனக்கும் வேறு வழி தெரியவில்லை, இடுப்பு பெல்ட்தான். அது வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படியணும்.

பெஞ்ச்சீட்:
நான் வாங்கிய வண்டியில் முந்தைய உரிமையாளரே பெல்ட் போட்டிருந்தார். மெதுவாக இழுத்தாலும் வராது, பாதியில் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். எல்லாரும் ரிட்ராக்டர், அதாவது பட்டையைச் சுருட்டி வைக்கும் பெட்டி, செத்துவிட்டது என்றார்கள். கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்தால் பட்டை ஜோராக வருகிறது! உள்ளே ஒரு சின்னக் குண்டு இருக்கிறது. வண்டி திடீரென்று நின்றாலோ சாய்ந்தாலோ அது நகர்ந்து பூட்டும். அந்த மனிதர் சாய்வான தூணில் அப்படியே மாட்டியதால் குண்டு எப்போதும் சாய்ந்தே கிடந்திருக்கிறது. நேராக நிற்கும்படி ஒரு பிராக்கெட் செய்து மாட்டினேன், தீர்ந்தது.

மேல் முனையும் அதில் தப்பு. தோளுக்குக் கீழே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருந்தார். மோதும்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், பாரம் முழுக்க முதுகெலும்புக்குப் போகும். தோள் உயரத்திலோ சற்று மேலேயோ இருக்கணும். கதவுத் தூண் உள்ளே கூடாக இருந்ததால் நட் வெல்டிங் செய்த தகட்டை உள்ளே நுழைத்துப் பிடிக்கவைத்தோம். எரிச்சலான வேலை, விரல் போகாது.

புதுசு:
ஒரு சந்தேகம். கேபின் தரையை நம்பாமல் கீழ் முனையை நேரே வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேசிஸில், மாட்டினால் இன்னும் பலம்தானே?

வெல்டர் மகள்:
வேண்டாங்க. கேபின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கு. பெரிய மோதலில் கேபினும் சேசிஸும் தனித்தனியாக நகரலாம். நீங்க கேபினில், பெல்ட் சேசிஸில் என்றால் நடுவில் நசுங்குவது நீங்கதான். எல்லா முனையும் கேபினிலேயே இருக்கட்டும். உடைப்புக் கடையில் பழைய பெல்ட் எடுக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுடுங்க. விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டை வெளியே பார்க்க நல்லாவே இருக்கும், ஆனால் பலம் போயிருக்கலாம்.

புதுசு:
நன்றி அக்கா. சனிக்கிழமை சீட்டைக் கழற்றுகிறேன், தரையின் நிலவரத்தைப் படத்தோடு போடுகிறேன்.